ஐ-864: கணவனுக்கோ மனைவிக்கோ ஸ்பான்சர் கையெழுத்துப் போடும்போது

கணவனையோ மனைவியையோ அமெரிக்காவுக்கு அழைக்கப் போட்ட ஐ-130 மனு பாஸாகிவிட்டது என்று தகவல் வந்த அன்று, அமெரிக்காவில் இருப்பவரும் ஊரில் இருப்பவரும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி மூச்சு விடுவார்கள். ஆனால் அதுவரை நிரூபணமானது கல்யாணம் மட்டும்தான். வந்து சேரப்போகிறவரின் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. கேஸ் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் கையிலிருந்து நேஷனல் விசா சென்டருக்கு, எல்லோரும் சொல்கிற என்விசிக்கு, மாறும். அங்கே இரண்டு கட்டணம்: ஸ்பான்சர் காகிதங்களைச் சரிபார்க்க 120 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர். இரண்டையும் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும், ஊரில் இருப்பவரின் கார்டு செல்லாது. பணம் வரவாகிவிட்டது என்று தளத்தில் தெரிந்த பிறகு வருபவரைத் தாங்குவேன் என்று ஸ்பான்சர் எழுதிக்கொடுக்கும் ஐ-864 என்ற அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட்டையும் அதற்கான ஆதாரங்களையும் ஏற்ற வேண்டும். இந்த நிலையில் ஒரு வருடம் முழுக்க எதுவும் செய்யாமல் விட்டால் கேஸையே மூடிவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இங்கே கேஸ் மாட்டிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். சம்பளம் போதாமல் நிற்பவர்களை விட, போதுமான சம்பளம் இருந்தும் காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்பவர்கள்தான் அதிகம். படிவத்தில் ஒரு எண், டாக்ஸ் ரிட்டர்னில் வேறொரு எண், பே ஸ்டப் என்ற சம்பளச் சீட்டில் மூன்றாவது எண் என்று இருந்தால், பார்க்கிற அதிகாரிக்கு எதை நம்புவது என்று தெரியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐ-134 வேறு, ஐ-864 வேறு. வருங்கால மனைவியை கே-1 விசாவில் அழைப்பவர்கள் தூதரகத்தில் கொடுப்பது ஐ-134. தாலி கட்டி முடித்து சிஆர்-1, ஐஆர்-1 விசாவில் அழைப்பவர்களுக்கு ஐ-864. முன்னது சும்மா ஒரு உறுதிமொழி. பின்னது 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்து, 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். அதை வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாம். இதன் கனத்தைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது கணக்கு. அமெரிக்க அரசு ஒவ்வொரு வருடமும் வறுமைக்கோட்டு அளவு ஒன்றை வெளியிடும். ஸ்பான்சரின் வருமானம் அதில் 125 சதவீதத்தைத் தொட வேண்டும். ராணுவத்தில் முழுநேரப் பணியில் இருந்துகொண்டு கணவனையோ மனைவியையோ அழைப்பவருக்கு மட்டும் 100 சதவீதம் போதும். 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187. அதற்கு மேல் தலைக்கு 6,875. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் இதைவிடக் கூடுதல். ஐ-864பி என்ற தாளில் அந்தந்த வருடத்து எண் இருக்கும். பழைய தாளைப் பார்த்து எழுதாதீர்கள்.

எத்தனை பேர் என்று எண்ணுவதில்தான் முதல் தப்பு நடக்கிறது. படிவத்தின் ஐந்தாம் பகுதியில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். இந்தப் படிவத்தில் யாரை ஸ்பான்சர் செய்கிறீர்களோ அவர்கள் எத்தனை பேர் என்பது முதல் கட்டம். மனைவி மட்டும் என்றால் 1. அடுத்து நீங்கள், அது 1. அதற்கடுத்த கட்டத்தில் ‘கல்யாணமானவர் என்றால் உங்கள் துணைக்கு 1’ என்று இருக்கும். கை தானாக 1 என்று எழுதும். எழுதக் கூடாது. அதே மனைவியை முதல் கட்டத்திலேயே எண்ணிவிட்டீர்கள். இரண்டு தடவை எண்ணினால் குடும்பம் மூன்று பேராகி, தேவையான தொகை 26,437லிருந்து 33,312க்கு ஏறும். 30,000 டாலர் சம்பாதிக்கிற ஒருவர், உண்மையில் தகுதி இருந்தும், தன் கையாலேயே தன்னைத் தகுதியில்லாதவராக எழுதிவிடுகிறார்.

மறந்துபோகிற எண்ணிக்கையும் உண்டு. கல்யாணமாகாத, 21 வயதுக்குக் கீழுள்ள உங்கள் பிள்ளைகள், டாக்ஸ் ரிட்டர்னில் நீங்கள் டிபென்டன்ட் என்று காட்டியவர்கள், முன்பு வேறு யாருக்காவது ஐ-864 போட்டு அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தால் அவர்கள் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு ஸ்பான்சர் செய்தீர்கள், அவர் இன்னும் கிரீன் கார்டில் இருக்கிறார் என்றால் அவரும் ஒருவர். அவர் உங்கள் அண்ணன் வீட்டில் இருந்தாலும் சரிதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. அழைப்பவர் கிரீன் கார்டுக்காரர் என்றால், மனைவியோடு வருகிற பிள்ளைகள் அதே மனுவிலும் அதே ஐ-864லும் சேர்ந்துகொள்ளலாம். அமெரிக்கக் குடிமகன் என்றால் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130, தனி ஐ-864. குடிமகனுக்குத்தானே சலுகை அதிகம் என்று நினைத்து, மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளைக்குத் தனியாக மனுப் போடாமல் விட்டு, கடைசியில் பிள்ளையை ஊரில் விட்டுவர வேண்டிய நிலை வரக்கூடும். பணக் கணக்குக்கு முன்பே பார்க்க வேண்டியது இது.

அடுத்தது வருமானம். ஆறாம் பகுதியில் ‘தற்போதைய ஆண்டு வருமானம்’ என்று ஒரு கட்டம். அதன் பிறகு கடந்த மூன்று வருடத்து டாக்ஸ் ரிட்டர்ன்களில் உள்ள மொத்த வருமானத்துக்கான கட்டங்கள். பலரும் போன வருடத்து டாக்ஸ் எண்ணையே முதல் கட்டத்திலும் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டம் கேட்பது இன்றைய சம்பளக் கணக்குப்படி இந்த வருடம் நீங்கள் எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்பதை. போன வருடம் பாதி நாள் படிப்பு, பாதி நாள் வேலை என்று 19,000 டாலர்தான் காட்டியிருந்தாலும், இன்று 48,000 டாலர் சம்பளத்தில் இருக்கிறீர்கள் என்றால் அங்கே 48,000 என்றுதான் எழுத வேண்டும். அதை நிற்க வைப்பது கம்பெனியின் கடிதமும் கடந்த ஆறு மாதத்து பே ஸ்டப்களும். கடிதம் லெட்டர்ஹெட்டில், பதவி, சேர்ந்த தேதி, ஆண்டுச் சம்பளம் மூன்றும் தெளிவாக இருக்கிற மாதிரி வாங்குங்கள். வேலைக்குச் சேர்ந்தே ஆறு மாதம் ஆகவில்லை என்றால், இருக்கிற எல்லா பே ஸ்டப்களையும் வையுங்கள்.

டாக்ஸ் ஆதாரமாகக் கடைசி வருடத்து ரிட்டர்ன் கட்டாயம். மூன்று வருடத்துக்கும் வைப்பது உங்கள் விருப்பம், வருமானம் ஏறிக்கொண்டு வந்திருந்தால் அது உங்களுக்கு உதவும். ரிட்டர்னின் நகலை வைக்கிறீர்களா, வரித்துறையான ஐஆர்எஸ் கொடுக்கும் டிரான்ஸ்கிரிப்ட் (ரிட்டர்னின் பதிவுப் பிரதி) வைக்கிறீர்களா என்று கேட்டால், டிரான்ஸ்கிரிப்ட்தான் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். 1040 என்ற வரிப் படிவத்தின் நகல் வைத்தால் அதோடு ஷெட்யூல் எனும் எல்லா இணைப்புத் தாள்களும், சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2, மற்ற வருமானத்தைக் காட்டும் 1099 தாள்களும் சேர வேண்டும், ஒரு பக்கம் விட்டுப்போனாலும் திரும்பி வரும். டிரான்ஸ்கிரிப்ட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாக இறக்கலாம். வாங்க வேண்டியது ‘டாக்ஸ் ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்’. அதன் பக்கத்திலேயே ‘அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட்’ என்றும் ஒன்று இருக்கும், அதை இறக்கி ஏற்றாதீர்கள். படிவத்தில் எழுத வேண்டிய மொத்த வருமானம் 1040ன் ஒன்பதாம் வரியில் இருப்பது. கழிவுகள் போன பிறகு வருகிற பதினோராம் வரியை எடுத்து எழுதுகிறவர்கள் நிறைய. சிறிய ஐ-864இஇசட் படிவம் வேறு விதம். அதை நிரப்பலாமா என்றால்: மனுப் போட்டவர் நீங்களேதான், அழைப்பது ஒரே ஒருவரை, வருமானம் முழுக்க டபிள்யூ-2வில் வருகிற சம்பளமோ பென்ஷனோதான் என்றால் நிரப்பலாம். மூன்றில் ஒன்று பிசகினாலும் பெரிய படிவம்தான்.

டாக்ஸில் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கார்த்திகை மாதம் மதுரையில் கல்யாணம், பத்து நாள் லீவு, பிறகு திரும்பி வந்தாயிற்று. பிப்ரவரியில் வழக்கம்போல டாக்ஸ் மென்பொருளைத் திறக்கிறார். மனைவி இன்னும் ஊரில்தான், சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடையாது. போன வருடம் மாதிரியே ‘சிங்கிள்’ என்று போட்டு அனுப்பிவிடுகிறார். அது தப்பு. டிசம்பர் 31 அன்று நீங்கள் கல்யாணமானவர் என்றால், அந்த வருடம் முழுக்க டாக்ஸ் கணக்கில் கல்யாணமானவர்தான். மனைவி எந்த நாட்டில் இருந்தாலும் இது மாறாது. இப்போது ஐ-130ல் கல்யாணத் தேதி நவம்பர் என்று இருக்கும், டாக்ஸ் ரிட்டர்ன் சிங்கிள் என்று சொல்லும். கல்யாணத்தையே சந்தேகிக்க நாமே ஒரு காகிதம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சரியான வழிகள் பொதுவாக இரண்டு. ஒன்று, ‘கல்யாணமானவர், தனித் தாக்கல்’. மனைவிக்கு எண் இல்லை என்றால் அந்த இடத்தில் என்ஆர்ஏ, அதாவது அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர், என்று எழுதுவார்கள். இன்னொன்று, மனைவியையும் அமெரிக்க வரிக்கு உட்பட்டவராக நடத்தும்படி இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்துக் கூட்டாகத் தாக்கல் செய்வது. அதற்கு டபிள்யூ-7 படிவம் மூலம் மனைவிக்கு ஐடிஐஎன் என்ற வரி எண் வாங்க வேண்டும், ஊரில் அவர் வாங்குகிற சம்பளத்தையும் வட்டியையும்கூட அதில் காட்ட வேண்டும். ஏற்கெனவே சிங்கிள் என்று அனுப்பிவிட்டவர்கள் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தலாம். ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்டில் முதலில் தாக்கல் செய்ததுதான் தெரியும், திருத்தம் தெரியாது. அதனால் 1040-எக்ஸ் நகலையும் கூடவே வையுங்கள். நேர்காணலுக்கு முன்பே திருத்திவிட்டால் இது ஒரு சாதாரணத் தவறு. அதிகாரி கேட்ட பிறகு திருத்தினால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

சொந்தத் தொழில், டாக்ஸி, டெலிவரி என்று ஓட்டுபவர்களுக்கு வேறு சங்கடம். கையில் வந்தது 52,000 டாலர் இருக்கும். பெட்ரோல், மைல் கணக்கு, போன் பில் எல்லாம் செலவாகக் காட்டி, தொழில் கணக்கைக் காட்டும் ஷெட்யூல் சி-யின் கடைசியில் நிற்கிற நிகர லாபம் 17,000 ஆகியிருக்கும். ஸ்பான்சர் கணக்குக்கு அந்த 17,000தான் வருமானம். வரியைக் குறைக்கக் கழித்ததை இங்கே திரும்பக் கூட்ட முடியாது. அடுத்த வருடம் மனைவியை அழைக்கப் போகிறோம் என்று தெரிந்தால், இந்த வருடத்து ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் முன்பே நிகர எண் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருப்பவர்களுக்கு இரண்டு தடை. ஊர்ச் சம்பளம் இங்கே வந்ததும் நின்றுவிடும், ஆகவே அது வருமானக் கணக்கில் சேராது. அமெரிக்காவுக்கு மாறிய பிறகும் அதே இடத்திலிருந்து தொடரும் என்று காட்ட முடிந்தால்தான் பேச்சு. மனைவியின் கோயம்புத்தூர் சம்பளத்துக்கும் இதே விதிதான். இன்னொன்று டாமிசைல், அதாவது ஸ்பான்சரின் நிலையான இருப்பிடம் அமெரிக்காவில் இருக்க வேண்டும், அல்லது விசா வாங்கிய துணையோடோ அதற்கு முன்னாலோ அங்கே குடியேறப் போகிறார் என்று காட்ட வேண்டும். ‘போகப் போகிறோம்’ என்று வாயால் சொன்னால் போதாது. வேலைக்கான ஆஃபர், வாடகை ஒப்பந்தம், அங்குள்ள வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பதிவு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, இவற்றில் மூன்று நான்காவது வேண்டும். இவர்கள் ஊரில் இருந்துகொண்டும் வருடா வருடம் அமெரிக்க ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2555 படிவத்தில் வெளிநாட்டுச் சம்பளத்தைக் கழித்திருந்தால் ஒன்பதாம் வரியில் பூஜ்யம் நிற்கும். பயப்பட வேண்டாம், அந்த 2555ஐயும் சேர்த்து வைத்தால் புரிந்துகொள்வார்கள்.

வருமானம் போதவில்லை என்றால் மூன்று வழி. ஒரே வீட்டில் குடியிருக்கிற தம்பியோ அப்பாவோ ஐ-864ஏ-வில் கையெழுத்துப் போட்டுத் தன் வருமானத்தை உங்கள் வருமானத்தோடு சேர்க்கலாம். ஒரே கூரை என்பது முக்கியம், அதே தெருவில் அடுத்த பில்டிங் என்றால் ஆகாது.

இரண்டாவது வழி சொத்து. குறைகிற தொகையைப் போல ஐந்து மடங்கு சொத்து காட்ட வேண்டும். அழைப்பவர் குடிமகனாக இருந்து வருபவர் கணவனோ மனைவியோ என்றால் மூன்று மடங்கு போதும். இரண்டு பேர் குடும்பம், வருமானம் 21,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவது 5,437. குடிமகன் என்றால் 16,311 டாலர் சொத்து போதும், கிரீன் கார்டுக்காரர் என்றால் 27,185. ஒரு வருடத்துக்குள் பணமாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சேமிப்பு, பிக்சட் டெபாசிட், பங்குகள் எளிது. வங்கிக் கணக்கு என்றால் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட் வையுங்கள். நேர்காணலுக்கு முந்தின மாதம் மாமனார் போட்ட இருபது லட்சம் அதில் பளிச்சென்று தெரியும், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

வருபவரின் சொத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயரில் திருச்சியில் ஒரு மனை இருக்கிறது என்றால் பத்திரம், வில்லங்கச் சான்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, கடன் இருந்தால் பாக்கித் தொகைக்கான வங்கிக் கடிதம் வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு. பணத்தை நாட்டை விட்டு எடுத்துப்போக முடியும் என்பதும் தெரிய வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கி விதி இங்கே துணைக்கு வரும். ஆனால் பத்திரத்தில் எழுதின விலையும் மதிப்பீட்டாளர் சொல்கிற விலையும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் கேள்வி எழும். நிலத்தை மட்டும் நம்பிப் போவதை விட, கொஞ்சமாக இருந்தாலும் வங்கியில் உள்ள பணம் பலமான ஆதாரம்.

மூன்றாவது வழி ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது உங்களோடு சேர்ந்து பொறுப்பேற்கும் இன்னொருவர். குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ, 18 வயது நிரம்பி அமெரிக்காவில் குடியிருப்பவராக இருந்தால் போதும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. அவர் தன் குடும்பத்தையும் உங்கள் மனைவியையும் சேர்த்து எண்ணி, தனியாகவே அந்தத் தொகையைத் தொட வேண்டும். உங்கள் வருமானத்தையும் அவர் வருமானத்தையும் கூட்டிக் காட்ட முடியாது. அவர் வீட்டில் நான்கு பேர் என்றால் உங்கள் மனைவியோடு ஐந்து, 2025 பட்டியல்படி 47,062 டாலர். அவருடைய குடியுரிமைக்கோ கிரீன் கார்டுக்கோ ஆதாரம் கட்டாயம், இதைத்தான் ஏற்ற மறக்கிறார்கள். அவர் கணவனும் மனைவியுமாகக் கூட்டுத் தாக்கல் செய்திருந்தால், யார் எவ்வளவு சம்பாதித்தார் என்று பிரித்துக் காட்ட டபிள்யூ-2வும் வேண்டும். ஜாயின்ட் ஸ்பான்சர் வந்துவிட்டார் என்பதால் உங்கள் ஐ-864 வேண்டாம் என்று ஆகாது. உங்கள் வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் உங்கள் படிவமும் போக வேண்டும்.

சித்தப்பாவிடமோ நண்பரிடமோ இந்த உதவி கேட்கும்போது ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பொறுப்பு எப்போது முடியும் தெரியுமா? வந்தவர் குடியுரிமை வாங்கும்போது, அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு, சுமார் பத்து வருட வேலை, சேரும்போது, அல்லது அவர் கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டை விட்டே போகும்போது, அல்லது இறக்கும்போது. விவாகரத்தானால் முடியாது. கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதி வைத்தாலும் தப்பிக்க முடியாது என்று 2016ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்த பிறகு அந்த மனைவி வேலை தேட வேண்டிய கடமைகூட இல்லை, கணவன் கையெழுத்துப் போட்ட அளவுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று 2012ல் ஏழாம் வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமானம் பார்த்துக் கொடுக்கும் அரசு உதவியை வந்தவர் வாங்கினால், கொடுத்த அலுவலகம் ஸ்பான்சரிடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதோடு, நாளைக்கு அந்தச் சித்தப்பா தன் மச்சினருக்கு ஸ்பான்சர் செய்யும்போது உங்கள் மனைவியும் அவர் குடும்ப எண்ணிக்கையில் ஏறி நிற்பார். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தெரிந்து போடுகிறவரின் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. வந்து சேருகிற பெண்ணுக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அவளுக்கென்று சட்டம் கொடுத்திருக்கிற பாதுகாப்பு அது, அவள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

ஏற்றுவதற்கு முன் சில்லறை விஷயங்கள். படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும், எல்லாப் பக்கத்திலும் ஒரே தேதி இருக்க வேண்டும். கையெழுத்து பேனாவால். டைப் அடித்த பெயர் செல்லாது. நோட்டரி தேவையில்லை. வெற்றுப் பக்கம் என்று நினைத்து எதையும் விட்டுவிடாமல் முழுப் படிவத்தையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள்.

என்விசி ‘டாகுமென்டரிலி குவாலிஃபைட்’ என்று சொன்னால் காகிதங்கள் நிறைந்துவிட்டன என்று அர்த்தம், வருமானம் போதும் என்று அர்த்தமில்லை. அதைத் தீர்மானிப்பவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. தமிழ்நாட்டுக்காரர்கள் இதற்குப் பெரும்பாலும் மும்பை வரை போக வேண்டியிருக்கும், இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு. குவாலிஃபை ஆனதற்கும் நேர்காணலுக்கும் நடுவில் மாதங்கள் ஓடியிருக்கும். அதற்குள் ஏப்ரல் 15 கடந்திருந்தால் புதிய வருடத்து டிரான்ஸ்கிரிப்ட்டையும், கெடு நீட்டிப்பு வாங்கியிருந்தால் 4868 நகலையும் ஊருக்கு அனுப்பிவையுங்கள். வேலை மாறியிருந்தால் புதிய கடிதம், புதிய பே ஸ்டப், முடிந்தால் புதிதாகக் கையெழுத்திட்ட ஐ-864. இவற்றை ஏந்திக்கொண்டு நிற்கப்போவது ஊரில் இருப்பவர்தான். ‘உங்கள் கணவர் என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஜாயின்ட் ஸ்பான்சர் உங்களுக்கு யார்’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. படிவத்தின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் விசாவை நிறுத்திவைத்து 221(ஜி) என்று ஒரு சீட்டு கொடுத்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் என்ன குறைகிறது என்று அதிலேயே குறித்திருப்பார்கள். கொடுக்க ஒரு வருடம் அவகாசம் உண்டு. கேட்டதை மட்டும், கேஸ் எண்ணை ஒவ்வொரு தாளிலும் எழுதி, ஒரே தடவையில் முழுமையாகக் கொடுங்கள். ஜாயின்ட் ஸ்பான்சர் கேட்டிருந்தால் அவருடைய படிவம், டிரான்ஸ்கிரிப்ட், குடியுரிமை ஆதாரம் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

துணை வந்து சேர்ந்து, பெரிய வீடாகப் பார்த்து மாறும்போது செய்ய ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்பான்சர் வீடு மாறினால் 30 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் ஐ-865 படிவத்தை அனுப்ப வேண்டும், ஜாயின்ட் ஸ்பான்சருக்கும் இதே விதி. அனுப்பாவிட்டால் 250லிருந்து 2,000 டாலர் வரை அபராதம் போடலாம். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே அதையும் நிரப்பித் தபாலில் சேர்த்துவிடுங்கள்.